கோட்டிங்கன் முட்டை

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். நான் கல்லூரியில் படித்த நாளில், ஆடி மாதத்துக் காற்று எதிரே வந்து மோத, தலையைக் குனிந்து, முதுகை வளைத்து, கைப்பிடியோடு நெஞ்சை ஒட்டவைத்துக்கொண்டு மிதித்துச் சென்றதுண்டு. அவ்வாறு குனிந்தால் மிதிப்பது எளிதாகும் என்று எந்தப் புத்தகமும் அன்று எனக்குச் சொல்லியிருக்கவில்லை. என் கால்களே சொல்லின. காற்று கண்ணுக்குத் தெரியாத பொருள்தான். ஆனால் அதை ஊடுருவிச் செல்ல விரும்புகிறவனிடம் அது ஒரு சுங்கம் வசூலிக்கிறது. மெதுவாகச் செல்வோரிடம் சிறு காசு கேட்கிறது. விரைந்து செல்வோரிடம் பெருந்தொகை கேட்கிறது.

இந்தச் சுங்கத்தை இயன்றவரை குறைத்துவிட வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன், 1939ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஒரு மோட்டார் வண்டி செய்யப்பட்டது. அது விற்பனைக்கு வந்ததில்லை. ஒன்றே ஒன்றுதான் செய்யப்பட்டது. அந்த ஒன்றும் இன்று இல்லை. அதன் வரலாற்றையே இப்பேச்சில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவ்வண்டியின் புகைப்படத்தை ஒரு பழைய நூலில் முதன்முதலாகக் கண்டபோது நான் சிரித்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சக்கரங்கள் கண்ணில் படவில்லை. முன்புறம் பருத்து உருண்டு, பின்புறம் சிறுத்து இறங்கி, ஒரு பெரிய உலோக முட்டையைப் பாதியாக அறுத்துச் சாலையில் கவிழ்த்து வைத்ததுபோல் அது இருந்தது. அக்காலத்து ஜெர்மானியரும் அப்படித்தான் கருதினார்கள் போலும். அது பிறந்த ஊரின் பெயரைச் சேர்த்து, ‘கோட்டிங்கன் முட்டை’ என்றே அதற்குப் பட்டப்பெயர் சூட்டிவிட்டார்கள். நான் சிரித்தது தவறு என்பதைப் பிற்பாடு அதன் கணக்குகளைப் படித்தபோது உணர்ந்தேன். அந்தக் கணக்கை முதலில் பார்ப்போம்.

ஒரு வண்டியின் வேகம் இரு மடங்கானால், காற்று அதைத் தடுக்கும் விசை நான்கு மடங்காகிறது. அந்த விசையை வெல்ல இயந்திரம் தரவேண்டிய திறனோ எட்டு மடங்காகிறது. இதனால்தான் மாட்டு வண்டிக்குக் காற்றைப் பற்றிய கவலை இல்லை. மோட்டார் வண்டிக்கு உண்டு. காற்றின் தடை வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. வண்டியின் முகப்புப் பரப்பையும், அதன் வடிவத்தையும் பொறுத்தது. வடிவத்தின் குணத்தை ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். அதற்கு இழுவைக் குணகம் என்று பெயர். காற்றுக்கு எதிரே நிமிர்த்திப் பிடித்த ஒரு தட்டைப் பலகைக்கு இவ்வெண் 1-க்குச் சற்று மேல். ஓர் உருண்டைக்கு ஏறத்தாழ 0.47. முன்னே உருண்டு பின்னே நீண்டு கூம்பும் துளி வடிவத்துக்கோ சுமார் 0.05தான்.

இங்கே நம்மில் பலர் கொண்டிருக்கும் ஒரு தவறான எண்ணத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். காற்றைக் கிழித்துச் செல்வதற்கு முன்பக்கம் ஈட்டிபோல் கூராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். சாலையில் ஓடும் வண்டியின் வேகத்தில் இது சரியன்று. முன்பக்கம் வழவழப்பாக உருண்டிருந்தாலே காற்று இணங்கி விலகிவிடும். சங்கடமெல்லாம் பின்பக்கத்தில். விலகிய காற்று மீண்டும் அமைதியாக ஒன்றுகூட வழியில்லாவிட்டால், வண்டியின் பின்னே சுழல்கள் எழுகின்றன. அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தம் வண்டியைப் பின்னோக்கி இழுக்கிறது. ஆகையால் தலையைவிட வாலே முக்கியம். மீன்களைப் பாருங்கள், பெரும்பாலானவை தலைப்பக்கம் பருத்து, வால்பக்கம் சிறுத்தே இருக்கின்றன.

1930ஆம் ஆண்டுகளில் சாலையில் ஓடிய சாதாரணக் கார்களின் இழுவைக் குணகம் 0.6 அளவில் இருந்தது. நிமிர்ந்த கண்ணாடி, துருத்திய விளக்குகள், தனித்து நிற்கும் சக்கரக் காப்புகள், பெட்டிபோன்ற பின்பக்கம் ஆகிய எல்லாம் காற்றோடு மல்லுக்கு நின்றன. முகப்புப் பரப்பு 2 சதுர மீட்டர் உள்ள அத்தகைய கார் மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும்போது, காற்றை வெல்வதற்கு மட்டும் சுமார் 21 குதிரைத் திறன் செலவாகிறது. அதே முகப்புப் பரப்புடன் இழுவைக் குணகத்தை 0.186 ஆக்கிவிட்டால், ஆறரைக் குதிரைத் திறனே போதும். 0.186 என்ற இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; நம் கதையின் நாயகன் அதுதான்.

காற்றுக்கு இசைந்த கார் என்ற எண்ணம் கோட்டிங்கனில் பிறந்ததன்று. முதல் உலகப் போர் 1918இல் முடிந்தது. அடுத்த ஆண்டு கையெழுத்தான வெர்சேல்ஸ் உடன்படிக்கை ஜெர்மனியின் விமானத் தொழிலை முடக்கியது. விமானம் செய்யக் கற்றவர்கள் வேறு வேலை தேட நேர்ந்தது. அவர்களுள் ஒருவர் எட்மண்ட் ரம்ப்ளர். தாம் விமானத்தில் கற்றதை அவர் காரில் புகுத்தி, 1921இல் பெர்லின் மோட்டார் கண்காட்சியில் ‘துளி வண்டி’ என்ற ஒன்றைக் காட்டினார். மேலிருந்து பார்த்தால் நீர்த்துளிபோல் தோன்றும் அவ்வண்டி கண்டோரை வியக்கவைத்தது. ஆனால் வாங்கியோர் சிலரே. சுமார் நூறு வண்டிகளோடு அதன் கதை முடிந்தது. மியூனிச் நகரத்துக் காட்சிசாலையில் எஞ்சியிருந்த ஒன்றை 1979இல் வோக்ஸ்வாகன் நிறுவனத்தார் தம் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது, அதன் குணகம் 0.28 என்று தெரிந்தது. 58 ஆண்டு பழைய வண்டி, அன்றைய புதிய கார்களை நாணவைத்தது! ஆனால் அந்தப் பெருமையைக் கேட்க ரம்ப்ளர் இல்லை. அவர் யூதர். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் சிறையிலிடப்பட்டார். பின்னர் விடுவிக்கப்பட்டாலும், அவருடைய தொழில் வாழ்வு அத்தோடு அழிந்தது. 1940இல் அவர் காலமானார்.

அதே காலத்தில், செப்பலின் ஆகாயக் கப்பல்களை வடிவமைத்த பால் யாராய் என்ற பொறியாளரும் இத்துறையில் இறங்கினார். தரையை ஒட்டி ஓடும் பொருளுக்கு முழுத் துளியைவிடப் பாதித் துளியே ஏற்றது என்ற கருத்தை அவர் வலியுறுத்தினார். அவருடைய கொள்கையைத் தழுவி, 1934இல் செக்கோஸ்லோவாகியாவில் டாட்ரா 77 என்ற கார் வெளிவந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் ‘ஏர்ஃப்ளோ’ என்ற காரை வெளியிட்டது. அது நல்ல வண்டியே. ஆனால் அமெரிக்க மக்கள் அதன் முகத்தை விரும்பவில்லை. விற்பனை சோர்ந்தது. புதுமைக்கும் பழக்கப்பட்ட கண்ணுக்கும் இடையே எப்போதும் நிகழும் வழக்கில், அந்தமுறை பழக்கப்பட்ட கண்ணே வென்றது.

இப்போது கோட்டிங்கனுக்கு வருவோம். மத்திய ஜெர்மனியில் உள்ள சிறிய பல்கலைக்கழக நகரம் அது. அங்கே 1904இல் பேராசிரியராக வந்தவர் லுட்விக் பிராண்டில். ஓடும் திரவமோ வாயுவோ ஒரு பொருளைத் தொடும் இடத்தில், மிக மெல்லிய படலம் ஒன்று உண்டாகிறது என்பதையும், அந்த எல்லைப் படலம் பொருளைவிட்டுப் பிரியும் இடத்தில்தான் சுழல்கள் தோன்றுகின்றன என்பதையும் அவர் அதே 1904ஆம் ஆண்டில் விளக்கினார். இக்காலத்து விமான விஞ்ஞானத்தின் அடிப்படைகளுள் அது ஒன்று. அவருடைய முயற்சியால் கோட்டிங்கனில் காற்றுச் சுரங்கங்கள் எழுந்தன. காற்றுச் சுரங்கம் என்பது வேறொன்றும் இல்லை: பொருளை அசையாமல் நிறுத்தி, பெரிய விசிறியால் அதன்மீது காற்றைச் செலுத்தி, அதன் மேல் விழும் விசையைத் தராசில் நிறுத்துப் பார்க்கும் கூடம். காற்று அசைந்தாலென்ன, பொருள் அசைந்தாலென்ன, விசை ஒன்றுதானே!

இந்நகரத்தின் பெருமையைச் சொல்லும்போது அதன் மேல் விழுந்த நிழலையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1933இல் மாக்ஸ் பார்ன், எம்மி நோய்தர், ரிச்சர்ட் கூரான்ட் முதலிய மேதைகள் யூதர் என்ற காரணத்தால் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். உலகமே வியந்த கணித, பௌதிகத் துறைகள் சில மாதங்களில் ஒளியிழந்தன. அதே ஊரில், அதே ஆண்டுகளில், காற்று ஆராய்ச்சிக் கூடமோ வளர்ந்துகொண்டே போனது. புதிய அரசு போர் விமானங்களை விரும்பியது. ஆகவே விமான அமைச்சகத்தின் பணம் அங்கே பெருகிப் பாய்ந்தது. நாம் பேசும் அமைதியான சிறு வண்டி, இந்தக் கூடத்தின் ஒரு மூலையில்தான் உருவாயிற்று.

அதை உருவாக்கியவர் கார்ல் ஷ்லோர் என்ற இளம் பொறியாளர். அப்போது ஜெர்மனியில் அகன்ற நெடுஞ்சாலைகள் திறக்கப்பட்டு வந்தன. அவற்றில் நீண்ட நேரம் ஒரே சீராக விரைந்து செல்லலாம். அத்தகைய சாலையில் பெட்ரோலின் பெரும்பகுதியைக் காற்றே குடித்துவிடும். காற்றின் தடையை எந்த அளவுக்குக் குறைக்க முடியும்? அழகு, வழக்கம், விற்பனை எதையும் எண்ணாமல், காற்றை மட்டுமே எஜமானனாகக் கொண்டு ஒரு கார் செய்தால் அது எப்படி இருக்கும்? இதுவே ஷ்லோர் கேட்ட கேள்வி. கேள்விக்கு விடை காண்பதற்காகவே செய்யப்படும் இத்தகைய வண்டியை ஆய்வு வண்டி என்று நாம் அழைக்கலாம்.

விமானச் சிறகின் குறுக்குவெட்டு வடிவங்களையே தழுவி அவர் தம் வண்டியை வரைந்தார். முதலில் சிறு மாதிரிகளைச் செய்து காற்றுச் சுரங்கத்தில் சோதித்தார்கள். பிறகு மெர்சிடிஸ்-பென்ஸ் 170 எச் என்ற காரின் அடிச்சட்டத்தை எடுத்து, அதன்மேல் அலுமினியத் தகட்டால் புதிய உடல் அமைத்தார்கள். அந்த அடிச்சட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதில் இயந்திரம் பின்புறத்தில் இருந்தது. எனவே முன்பக்கத்தை விருப்பம்போல் உருட்டி வடிக்க முடிந்தது. கண்ணாடிகளும் கதவுகளும் உடலோடு ஒட்டி வழவழப்பாக அமைந்தன. அடிப்பாகமும் மூடப்பட்டது. சக்கரங்கள் நான்கும் உடலுக்குள் மறைந்தன. முன்சக்கரங்கள் திரும்பும்போது உடலின் உட்புறத்தில் இடிக்கக் கூடாதல்லவா? அதற்கு இடம் விட்டதனால் வண்டியின் அகலம் 2.10 மீட்டராயிற்று. உள்ளே ஏழு பேர் உட்காரலாம்.

1939இல் அதைச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். சாதாரண உடலுள்ள 170 எச் ஒன்றையும் ஒப்புநோக்குவதற்காக ஓட்டினார்கள். இரண்டிலும் இருந்தது 38 குதிரைத் திறனுள்ள ஒரே வகை இயந்திரம். புதிய வண்டி சுமார் 250 கிலோ கூடுதல் எடை உள்ளது. ஆகவே அதுதான் பின்தங்க வேண்டும். நடந்தது வேறு. சாதாரண வண்டி மணிக்கு 105 கிலோ மீட்டரை எட்டிய இடத்தில், முட்டை வண்டி 135 கிலோ மீட்டரை எட்டியது. 100 கிலோ மீட்டர் செல்ல அது 10 முதல் 12 லிட்டர் பெட்ரோல் குடித்தபோது, இது 8 லிட்டரோடு நின்றுவிட்டது. இழுவைக் குணகம் 0.186 என்று அளக்கப்பட்டது. இயந்திரத்தில் ஒரு திருகாணிகூட மாற்றப்படவில்லை. மாறியது உடலின் வடிவம் ஒன்றே!

அதே ஆண்டு பெர்லின் மோட்டார் கண்காட்சியில் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. மக்கள் திரண்டு பார்த்தார்கள். பார்த்துவிட்டு, அவலட்சணம் என்றார்கள். இந்த இடத்தில்தான் நம்மில் பலர், ‘அறிவில்லாத மக்கள் ஒரு மேதையை மதிக்கவில்லை’ என்று கதையை முடித்துவிட விரும்புவோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த வண்டியின் குறைகளைப் படித்த பிறகு என் தீர்ப்பை மாற்றிக்கொண்டேன்.

முதலாவது குறை, அகலம். காற்றின் தடை, குணகத்தையும் முகப்புப் பரப்பையும் பெருக்கி வருவது என்று முன்னரே கண்டோம். சக்கரங்களை மறைத்ததனால் குணகம் குறைந்தது. ஆனால் அதற்காக உடலை அகலமாக்கியதனால் பரப்பு கூடியது. ஒரு கையால் சேர்த்ததில் ஒரு பகுதியை மற்றொரு கையால் கொடுத்தாயிற்று. குறுகிய தெருக்களில் அத்தனை அகலமான வண்டியைத் திருப்புவதும் எளிதன்று.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. அம்பு ஏன் நேராகப் பறக்கிறது? அதன் தலை கனமானது. காற்றைப் பற்றும் இறகுகள் வாலில் உள்ளன. தலையில் இறகும் வாலில் கனமும் வைத்து எய்தால் அம்பு தடுமாறும். நம் வண்டி அப்படிப்பட்ட அம்பு. பக்கவாட்டில் காற்று அடித்தால், அதன் அழுத்தம் பருத்த முன்பக்கத்தில் விழுந்தது. இயந்திரத்தின் பாரமோ பின்பக்கத்தில் இருந்தது. ஆகவே குறுக்கே ஒரு பலத்த காற்று வீசினால் வண்டியின் முகம் விலகியது. எதிரே வரும் காற்றை ஏறத்தாழ முற்றும் வென்ற வண்டி, பக்கத்திலிருந்து வரும் காற்றிடம் தோற்றது! ஒரு கேள்விக்குப் பூரணமான விடை கண்டவர்கள், மற்றொரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார்கள்.

அதே காலத்தில் ஸ்டுட்கார்ட் நகரில் வுனிபால்ட் கம் என்ற பேராசிரியர் சற்று அடக்கமான வழியைக் கண்டார். வால் நீளமாகக் கூம்ப வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அத்தனை நீளமான வாலைத் தெருவில் யார் சுமந்து திரிவது? உடலை மெல்லச் சிறுக்கவைத்து, ஓரிடத்தில் திடீரென வெட்டிவிட்டால், நன்மையின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது என்று அவர் காட்டினார். இன்று நீங்கள் தெருவில் காணும் பல கார்களில், கூரை பின்னோக்கிச் சரிந்து, பின்புறம் அறுத்தாற்போல் முடிவதைக் கவனியுங்கள். அது கம் காட்டிய வழி. முழுமையை நாடிய ஷ்லோரின் வால் காட்சிப்பொருளாயிற்று. சமரசம் செய்துகொண்ட கம்மின் வால் உலகெங்கும் பரவிற்று.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. கார் ஆராய்ச்சிக்கு இனி இடமில்லை. ஆயினும் 1942இல் முட்டை வண்டி ஒரு விசித்திர வேடத்தில் மீண்டும் தோன்றிற்று. ரஷ்யாவிடமிருந்து கைப்பற்றிய 130 குதிரைத் திறனுள்ள விமான இயந்திரம் ஒன்றை, சுழலியோடு சேர்த்து, அதன் பின்புறத்தில் பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். எரிபொருளைச் சிக்கனம் செய்யப் பிறந்த வண்டியின் முதுகில் போர்க்கொள்ளையில் கிடைத்த இயந்திரத்தை ஏற்றிய அந்தக் காட்சி, அக்காலத்தின் மனநிலையையே காட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது.

1945இல் ஜெர்மனி தோற்றது. கோட்டிங்கன் பிரிட்டிஷ் படைகளின் ஆட்சிக்குள் வந்தது. ஆராய்ச்சிக் கூடம் மூடப்பட்டது; அதன் கருவிகள் பிரித்தெடுக்கப்பட்டன. சேதமுற்ற முட்டை வண்டி சில காலம் அங்கே கிடந்தது. 1948க்குப் பிறகு அதைக் கண்டவர் இல்லை. எஞ்சியவை சில புகைப்படங்கள், சில வரைபடங்கள், சில எண்கள்.

ஆனால் எண்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 1973இல் எண்ணெய் விலை திடீரென உயர்ந்தபோது, உலகத்தின் மோட்டார் நிறுவனங்கள் எல்லாம் காற்றுச் சுரங்கத்தின் வாயிலில் வந்து நின்றன. அந்தப் பத்தாண்டில் வோக்ஸ்வாகன் நிறுவனத்தார் ஷ்லோர் வண்டியின் மாதிரி ஒன்றைச் சோதித்தபோது 0.15 என்ற குணகம் கிடைத்தது. பழைய எண் பொய்யன்று, வடிவம் நல்லதே என்பது உறுதியாயிற்று. 1996இல் அமெரிக்காவில் வந்த ‘ஈவி1’ என்ற மின்சாரக் காரின் குணகம் 0.19. வோக்ஸ்வாகன் 2013இல் வெளியிட்ட ‘எக்ஸ்எல்1’ என்ற காருக்கு 0.189. கணிப்பொறிகளின் துணையோடு உழைத்து, முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும், 1939இன் எண்ணுக்கு அருகேதான் வந்து நின்றார்கள். 2022இல் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் செய்த ‘ஈக்யூஎக்ஸ்எக்ஸ்’ என்ற ஆய்வு வண்டி 0.17 என்ற அளவை எட்டி, ஒருமுறை ஏற்றிய மின்சாரத்தில் ஜெர்மனியிலிருந்து பிரான்ஸின் தென்கரைவரை 1,000 கிலோ மீட்டருக்கு மேல் ஓடியது. மின்கலத்தின் எடையும் விலையும் பெரிய இடர்களாக இருக்கும் இக்காலத்தில், காற்றிடம் மிச்சம் பிடிப்பது ஒவ்வொன்றும் பயணத்தின் நீளமாக மாறுகிறது. கோட்டிங்கனில் கேட்ட கேள்வி இன்று மறுபடியும் உயிர்பெற்றுவிட்டது.

அப்படியானால் ஷ்லோரின் வண்டி வெற்றியா, தோல்வியா? கார் என்ற முறையில் அது தோல்வியே. அதை ஒருவரும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் குறுக்குக் காற்றில் வருந்தியிருப்பார். கேள்வி என்ற முறையில் அது வெற்றி. இவ்வளவு தூரம் போக முடியும் என்று அது எல்லைக்கல் ஒன்றை நட்டுவைத்தது. பின்வந்தவர்கள் அந்தக் கல்லைப் பார்த்துத்தான் தாங்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அளந்துகொண்டார்கள்.

மாணவ நண்பர்களே! உங்களில் சிலர் நாளை பொறியாளர்களாகலாம், ஆராய்ச்சியாளர்களாகலாம். நீங்கள் செய்யும் ஒன்றைக் கண்டு உலகம் சிரிக்கக்கூடும். அப்போது இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். முதலில், அளவுகளைத் துல்லியமாக எழுதி வையுங்கள். பொருள் அழிந்தாலும் நேர்மையான அளவு அழியாது. அடுத்து, சிரிக்கிறவர்களின் பேச்சில் நீங்கள் கேட்க மறந்த கேள்வி ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். எதிர்க்காற்றை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், பக்கக்காற்று நம்மைத் தள்ளிவிடும். அந்தப் பழைய புகைப்படம் எனக்குச் சொன்ன பாடம் இது. அதைப் பார்த்து நான் இப்போது சிரிப்பதில்லை.